ஸ்காலர்ஷிப்புன்னா காசு மட்டும்தானா?

போன மாசம் எங்க பெரியம்மா போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டு கீரை ஆஞ்சுக்கிட்டே பேசிட்டிருந்தாங்க. அந்தப் பக்கம் அக்கா, நியூ ஜெர்சியில ஒரு கம்யூனிட்டி காலேஜ்ல இங்கிலீஷ் சொல்லித்தர்றவ. "இந்த செமஸ்டர் என் ஸ்காலர்ஷிப்புக்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்க முடியலம்மா"ன்னு அவ அலுத்துக்கிட்டா. பெரியம்மா பட்டுனு, "நாப்பத்தஞ்சு வயசுல உனக்கு எதுக்குடி ஸ்காலர்ஷிப்பு, சம்பளம் பத்தலையா?"

நான் சிரிச்சேன், ஆனா தப்பு பெரியம்மா மேல இல்ல. நம்ம ஊர்ல ஸ்காலர்ஷிப்புன்னா பேங்க் அக்கவுண்ட்ல வந்து விழுற காசு, அதுக்கு வருமானச் சான்று, கம்யூனிட்டி சர்டிபிகேட் எல்லாம் வைக்கணும், அவ்வளவுதான். (அக்கா வேலைக்கு சேர்ந்தப்ப "கம்யூனிட்டி காலேஜா, எந்த கம்யூனிட்டிக்கு?"ன்னு கேட்ட சொந்தக்காரங்களும் இருக்காங்க, அது தனிக் கதை.) அங்க ஒரு வாத்தியார் "என் ஸ்காலர்ஷிப்"னு சொன்னா அவர் படிச்சு, ஆராஞ்சு, எழுதி வெளியிடுற அறிவு வேலை மொத்தமும் அதுல அடங்கும். அக்கா வருஷாவருஷம் நிரப்புற மதிப்பீட்டு ஃபார்ம்ல மூணு தலைப்பு இருக்குமாம்: டீச்சிங், சர்வீஸ், ஸ்காலர்ஷிப். முதல் ரெண்டும் பக்கம் பக்கமா நிறையும், மூணாவதுல ரெண்டு வரி.

ஏன் ரெண்டு வரி? கம்யூனிட்டி காலேஜ்ங்கிறது ரெண்டு வருஷ காலேஜ். 1901ல இல்லினாய்ஸ்ல ஆரம்பிச்ச ஜோலியட் ஜூனியர் காலேஜைத்தான் இன்னிக்கும் ஓடுற ரெண்டு வருஷ அரசுக் காலேஜ்கள்ல பழசுன்னு சொல்லுவாங்க (ஜூனியர் காலேஜ்ங்கிறது இதோட பழைய பேரு). "கம்யூனிட்டி காலேஜ்"ங்கிற பேரு பரவலானது ஜனாதிபதி ட்ரூமன் அமைச்ச உயர்கல்விக் குழுவோட 1947 அறிக்கைக்கு அப்புறம். இங்க வாத்தியாரோட வேலை சொல்லித்தர்றதுதான்னு கோடு போட்டுட்டாங்க, கலிஃபோர்னியாவோட 1960 உயர்கல்வி மாஸ்டர் பிளான்ல ஆராய்ச்சிய பிரதானமா கலிஃபோர்னியா யுனிவர்சிட்டிக்கு எழுதி வச்சு, ஜூனியர் காலேஜுக்கு முதல் ரெண்டு வருஷப் பாடமும் தொழிற்பயிற்சியும்னு பிரிச்சாங்க. அதனால பல இடத்துல ஒரு செமஸ்டருக்கு அஞ்சு வகுப்புங்கிறது சாதாரணம். அக்காவுக்கு வகுப்புக்கு 25 பேர், ஆக 125 கட்டுரை, ஒண்ணுக்கு கால் மணி நேரம் வச்சா ஒரு சுத்துக்கே 31 மணி நேரத்துக்கு மேல, செமஸ்டருக்கு நாலு சுத்து. இது முழுநேர வேலை இருக்கிறவங்க நிலைமை. அங்க பெரும்பாலானவங்க பார்ட் டைம், ரெண்டு மூணு காலேஜுக்கு கார்லயே அலையுறவங்க, அவங்களுக்கு அந்த மூணாவது தலைப்பே இருக்காது.

இதுல நியூயார்க் சிட்டி யுனிவர்சிட்டி மட்டும் கொஞ்சம் விசித்திரம். அதுக்குக் கீழ இருக்கிற லகார்டியா, கிங்ஸ்பரோ மாதிரி கம்யூனிட்டி காலேஜ்கள்ல டென்யூர், அதாவது நிரந்தர வேலை, வேணும்னா ஜர்னல்ல பேப்பர் போட்டே ஆகணும். பாடச்சுமையும் கூட, பேப்பரும் வேணும்னா எப்படின்னு ஆசிரியர் சங்கம் ரொம்ப நாள் சண்டை போட்டு 2017 கடைசியில வருஷத்துக்கு 27 மணி நேரச் சுமைய (வாரத்துக்கு எத்தனை மணி வகுப்புன்னு ரெண்டு செமஸ்டரையும் கூட்டுற கணக்கு) படிப்படியா 24 ஆக்குறதுக்கு ஒப்பந்தம் ஆச்சு.

சரி, சொல்லோட வேருக்கு வருவோம், இங்கதான் கூத்து. கிரேக்கத்துல "ஸ்கோலே"ன்னா ஓய்வு, வேலை இல்லாத நேரம். ஓய்வா உக்காந்து பேசுறது, விவாதிக்கிறது, அப்புறம் அது நடக்குற இடம்னு அர்த்தம் நகர்ந்து லத்தீன்ல "ஸ்கோலா" ஆகி, இங்கிலீஷ்ல ஸ்கூல், ஸ்காலர், ஸ்காலர்ஷிப்னு வந்து நின்னுச்சு. படிச்சவனோட தன்மைங்கிற அர்த்தமும், படிக்கிறவனுக்குக் கொடுக்கிற பணம்ங்கிற அர்த்தமும் 16ஆம் நூற்றாண்டுலயே இங்கிலீஷுக்குள்ள வந்திருச்சு, நாம ரெண்டாவத மட்டும் எடுத்துக்கிட்டோம். ஓய்வுங்கிற சொல்லுல பிறந்த ஒண்ண, 125 கட்டுரைக்கு நடுவுல தேடிட்டிருக்கா அக்கா!

நம்ம "பள்ளி"யும் இதே வழியில வந்ததுதான், பாத்திருக்கீங்களா? பள்ளின்னா படுக்குற இடம், பள்ளிகொள்றது, பள்ளியறை. சமண முனிவர்கள் தங்குன இடமும் பள்ளிதான், அவங்க அங்க பாடமும் சொன்னதுல பள்ளி படிப்பு நடக்குற இடமாச்சுன்னு சொல்லுவாங்க. அங்க ஓய்வு, இங்க படுக்கை, ரெண்டும் கடைசியில ஸ்கூல்.

இப்ப தமிழ்ல என்ன சொல்றது? காசுக்கு சண்டையே இல்ல, தமிழ்நாட்டுல உதவித்தொகை, இலங்கையில புலமைப்பரிசில். அஞ்சாம் வகுப்புப் பிள்ளைங்க எழுதுற பரீட்சை பேர்லயே அது இருக்கு. எனக்கு இலங்கைச் சொல்தான் பிடிக்கும், ஏன்னா அதுல புலமை வேற, பரிசில் வேறன்னு தெளிவா தெரியுது. பரிசில எடுத்துட்டா மிச்சம் இருக்கிறதுதான் அக்கா சொன்ன ஸ்காலர்ஷிப்.

புலமைக்கு அடி "புலம்". அதுக்கு வயல், நிலம், திசை, அறிவு, இலக்கணம்னு ஏகப்பட்ட பொருள். தொல்காப்பியப் பாயிரம் "புலந்தொகுத்தோனே"ன்னு சொல்றப்ப, இருந்த நூல்களப் பாத்து முறையா எண்ணித் தொகுத்தவன்னுதான் பாராட்டுது, புதுசா எதையோ கண்டுபிடிச்சான்னு இல்ல. தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்துல சுவடிப்புலம், மொழிப்புலம்னு ஃபேகல்டிக்கும் (பல துறைகள் சேர்ந்த பிரிவு) இதே சொல்லத்தான் வச்சிருக்காங்க. ஆக ஃபேகல்டியும் புலம், அவங்க ஸ்காலர்ஷிப்பும் புலமை, இங்கிலீஷ்லகூட இவ்வளவு ஒட்டல.

பல பேர் இத "ஆராய்ச்சி"ன்னு மொழிபெயர்த்துடறாங்க, அங்கதான் எனக்கு ஒப்பல. 1990ல கார்னகி அறக்கட்டளைக்காக எர்னஸ்ட் போயர் எழுதுன அறிக்கை ஸ்காலர்ஷிப்ப நாலா பிரிச்சுது, புதுசா கண்டுபிடிக்கிறது, பல துறை அறிவ இணைக்கிறது, நடைமுறைப் பிரச்சினைக்குப் பயன்படுத்துறது, கற்பித்தல். ஆராய்ச்சிங்கிற சொல் முதல் ஒண்ணுக்குத்தான் முழுசா பொருந்தும். கம்யூனிட்டி காலேஜ் ஆளுங்க நிறைய செய்யுறது நாலாவது, அதுக்குன்னே ரெண்டு வருஷ காலேஜ் இங்கிலீஷ் பாடத்துக்கு 1970கள்ல இருந்து ஒரு ஜர்னல் தனியா வருது. அக்கா செஞ்சதும் அதுதான். நைட் ஷிப்ட் முடிச்சுட்டு காலையில வகுப்புக்கு வர்ற பிள்ளைங்க, சிவப்பு இங்க்ல திருத்தித் தந்தா திரும்பிப் பாக்கறதில்ல, அதையே ரெண்டு நிமிஷம் ஆடியோவா பேசி அனுப்புனா பஸ்ல கேட்டுட்டு திருத்தி எழுதுறாங்கன்னு கவனிச்சு, ரெண்டு வருஷக் கட்டுரைகள வச்சு ஒப்பிட்டு எழுதுனா. இத லேப்ல உக்காந்து பாக்க முடியாது, அந்த வகுப்புல நின்னவங்களுக்குத்தான் கேள்வியே தோணும். இத "கற்பித்தல் புலமை"ன்னு சொன்னா உக்காருது, "கற்பித்தல் ஆராய்ச்சி"ன்னா வெளிய இருந்து யாரோ வந்து அளக்குற மாதிரி இருக்கு.

நம்ம ஊர்லயும் கம்யூனிட்டி காலேஜ் உண்டு, சமுதாயக் கல்லூரின்னு, 1995ல பாண்டிச்சேரியிலயும் 1996ல சென்னையிலயும் தொடங்குனது. அது பெரும்பாலும் கைத்தொழில் டிப்ளமோ, அங்க வாத்தியார்கிட்ட யாரும் பேப்பர் கேக்கறதில்ல, அதனால பேரு ஒண்ணா இருக்கேன்னு ரெண்டையும் குழப்பிக்க வேணாம்.

புலமைக்கு ஒரே ஒரு சிக்கல், புலவர். அந்தச் சொல் கவிஞருக்கும் பழைய தமிழாசிரியருக்கும்னு குறுகிப்போச்சு. "உன் ஃபார்ம்ல மூணாவது தலைப்புக்குத் தமிழ் புலமை"ன்னு அக்காவுக்கு வாய்ஸ் நோட் போட்டேன். ரெண்டு நாள் கழிச்சு பதில் வந்துச்சு, பின்னாடி கார் இண்டிகேட்டர் சத்தம்: "அம்மாகிட்ட அப்படியே சொல்லிட்டேன்டா, ஒரு வெண்பா சொல்லுங்கிறாங்க."