சீனவெடிக்குப் பதறும் உடம்பு

கோயில் திருவிழாவில் யாரோ சீனவெடி கொளுத்துகிறார்கள். பிள்ளைகள் சிரிக்க, பக்கத்தில் நின்ற பெண் காதைப் பொத்திக்கொண்டு நிலத்தில் குந்திவிடுகிறார். "வெடி எண்டு தெரியும், உடம்பு கேக்குதில்லை" என்று வன்னியில் சொல்வார்கள். மூளை வேலை செய்வதும் ஏறக்குறைய அப்படித்தான்.

சத்தம் என்னவென்று யோசித்து முடிப்பதற்குள், அமிக்டலா என்ற வாதாங்கொட்டை அளவான பகுதி அபாயமணி அடித்துவிடும். அட்ரினலின் பாய்ந்து நெஞ்சு படபடக்கும். போர்க்காலத்தில் கிபிர் விமானத்தின் இரைச்சலுக்குப் பங்கருக்குள் பாய்ந்த நாட்களில் இந்த அவசரம்தான் உயிரைக் காத்தது. ஆனால் நினைவுக்கு இடமும் காலமும் குறித்துவைக்கும் ஹிப்போகாம்பஸ் கடும் பீதியில் சரியாக இயங்காது. அதனால் 2009 போரில் கேட்ட சத்தம் தேதியில்லாத துண்டாகத் தங்கி, திரும்ப வரும்போது இப்போது நடப்பதாகவே வருகிறது.

கூட நிற்பவர்கள் "நல்லா இழுத்து மூச்சு விடு" என்பார்கள். அங்கேதான் பிழைக்கிறது. வேகமாக இழுத்தால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைந்து தலை சுற்றும், விரல்நுனியும் உதடும் விறைக்கும். சாகப்போகிறேனோ என்று பயம் இன்னும் ஏறும். வெளிமூச்சுத்தான் நீள வேண்டும். மூக்கால் 4 எண்ணி உள்ளே, சுடுதேநீரை ஊதுவதுபோல 6 எண்ணி வெளியே: நிமிடத்துக்கு 6 மூச்சு, ஐந்து நிமிடம். மூச்சு வெளியேறும்போது வேகஸ் நரம்பு இதயத்துடிப்பை மெதுவாக்கும். கண்ணை மூடச் சொல்லாதீர்கள். பலருக்கு உடனே பழைய காட்சி படமாக ஓடத் தொடங்கும். பாதத்தை ஊன்றி, இது எந்த ஊர், இன்று என்ன கிழமை என்று வாய்விட்டுச் சொல்லட்டும். தேதியில்லாத துண்டுக்குத் தேதி போடுகிற வேலை அது.

பயத்தை ஆண்டுக்கணக்காக வளர்ப்பது, பயந்ததை விட்டு விலகியே இருப்பது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கடலுக்குப் போகாமல் இருக்கும் முல்லைத்தீவுக்காரரின் மூளை, "போகாததால் தப்பினேன்" என்றே தினமும் படிக்கிறது. நம்பிக்கையான ஒருவரோடு, கடல் தெரியும் தூரத்தில் நின்று பயத்துக்குப் பத்தில் புள்ளி போடட்டும். 6 என்றால் 3 ஆகும்வரை அங்கேயே நிற்க வேண்டும், அரைமணி பிடிக்கலாம். உச்சத்தில் திரும்பினால் பழைய பாடம் இன்னும் இறுகும். அடுத்த முறை பத்தடி கிட்ட. இது இலேசான பயத்துக்கு. இரவுபகலாகப் படம் ஓடினால் உளவள ஆலோசகர் வேண்டும். இலங்கையின் மனநல உதவி எண்ணான 1926க்கு அழைத்தும் பேசலாம்.

கசிப்பு என்ற கள்ளச்சாராயம் நித்திரையைத் தந்து நடுச்சாமத்தில் பறிக்கும். பதற்றம் தணிக்கும் பென்சோடயசிபின் குளிசைகளை அனர்த்தம் நடந்த முதல் மாதத்தில் கொடுக்கவேண்டாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2013இலேயே சொல்லிவிட்டது. நடந்ததை உடனே முழுக்கச் சொல்லவைப்பதாலும் நன்மையில்லை.

காணாமல் ஆக்கப்பட்டவரின் தாய்க்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. இறந்தவருக்கான அந்தியேட்டிக் கிரியை செய்யவில்லை, திவசத்துக்குத் திதி தெரியாது. பிள்ளைக்கென்று ஒரு கோப்பை சோறு எடுத்துவைப்பதை நோயென்று குறித்துக்கொள்வது எங்கள் பார்வையில் பிழை. முடிவு தெரியாத இழப்பில் காத்திருப்பதுதான் மூளையின் இயல்பு. அவருக்கு மூச்சுப்பயிற்சியைவிட, கந்தோர் வாசலுக்குக் கூட வந்து நிற்கும் ஒருவர் உதவுவார்.