நடக்கிறவருக்கு ஒரு ஜாக்கெட், உட்காருகிறவருக்கு ஒரு ஜாக்கெட்

குளிர்காலம் வந்தால் என் கிளினிக்குக்கு நோயே இல்லாத சிலர் வருவார்கள். உத்தரகண்ட், இமாச்சல் பக்கம் பனியில் மலையேறப் போகிற பிள்ளைகள். ட்ரெக்கிங் அழைத்துப் போகிறவர்கள் டாக்டர் சர்டிபிகேட் கேட்கிறார்களாம். போன டிசம்பரில் பாம்பனிலிருந்து ஒரு தம்பி உத்தரகண்டில் இருக்கிற கேதார்காந்தா மலைக்குப் போவதாக வந்தார், கூடவே அப்பா. பிரஷர் பார்க்கக் கையை நீட்டச் சொன்னால், பையிலிருந்து ஒரு ஜாக்கெட்டை உருவினார். தலையணை கனம்.

"இதுக்குள்ள குளிரே வராது சார்."

வராதுதான். வேர்வையும் வெளியே போகாது.

துணியை உதட்டோடு ஒட்டி வைத்து ஊதச் சொன்னேன். கன்னம் உப்பியதுதான் மிச்சம், மறுபக்கம் இருந்த என் உள்ளங்கையில் துளிக் காற்றுப் படவில்லை. அப்பா நாட்டுப்படகில் போகிறவர், சட்டென்று பிடித்துக்கொண்டார்: "ரெயின்கோட்டப் போட்டுக்கிட்டு வலை இழுத்தா உள்ளுக்குள்ள மழை பேயுமே, அது மாதிரியா சார்?"

அதேதான் அண்ணே. மூட்டையோடு ஏற்றத்தில் நடக்கும்போது, சும்மா இருப்பதைவிடப் பல மடங்கு சூட்டை உடம்பு உண்டாக்கும். நின்றதும் சூடு அடங்கிவிடும், நனைந்த பனியன் மட்டும் முதுகில் ஒட்டிக் கிடக்கும். ஒரு லிட்டர் வேர்வை ஆவியாகச் சுமார் 580 கிலோ கலோரி வேண்டும். அதில் பெரும்பங்கை உடம்பிடமிருந்துதான் உருவும். பாசி எடுத்துவிட்டு ஈரச் சேலையோடு கரையேறுகிற பெண்கள் வாடைக்காற்றில் வெடவெடப்பதை நாம் பார்க்காததா? இங்கே 25 டிகிரியிலேயே அந்தக் கதி. கேதார்காந்தா உச்சி சுமார் 3,800 மீட்டர். டிசம்பர் இரவில் பூஜ்யத்துக்குக் கீழே.

நானும் இதில் யோக்கியன் இல்லை. முதல் மலையில் வாடகை ஜாக்கெட்டை மூன்று மணி நேரம் கழற்றாமல் ஏறினேன். டீக்கு நின்ற பத்தாவது நிமிடம் பல் தந்தியடித்தது. டாக்டர் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருந்தது.

நடக்கும்போது போட மெல்லிய, செயற்கை இழை நிரப்பிய ஜாக்கெட் பாருங்கள். ஊதினால் கொஞ்சமாவது காற்று ஊடுருவ வேண்டும். அக்குளில் ஜிப் இருந்தால் விசேஷம். உள்ளே பருத்தி பனியன் கூடவே கூடாது, பாலியஸ்டர் அல்லது மெரினோ கம்பளி போடுங்கள். காற்றுக்கும் பனிக்கும் மேலே ஒரு மெல்லிய உறை. இறகு நிரப்பிய குண்டு ஜாக்கெட் பையில் இருக்கட்டும், உட்காரும்போது எடுத்துப் போடலாம். இறகு நனைந்தால் கட்டிதட்டிச் சூட்டைப் பிடிக்காது. லேபிளில் ஆர்.ஈ.டி. (RET) எண் இருந்தால், அது வேர்வை ஆவியைத் துணி எவ்வளவு தடுக்கிறது என்கிற அளவு, குறையக் குறைய நல்லது; 6க்குக் கீழே என்றால் அருமை. ஒரு நாளில் ஒரு சதுர மீட்டர் துணி வழியே எவ்வளவு ஆவி வெளியேறும் என்று 10,000 கிராம், 20,000 கிராம் போட்டிருப்பதைக் கம்பெனிக்குக் கம்பெனி ஒப்பிடாதீர்கள், சோதிக்கும் முறையே வேறு வேறு.

இன்னொன்று: ராமநாதபுரத்தில் போட்டுப் பார்த்துப் புழுங்குகிறது என்று ஒதுக்காதீர்கள். உள்ளே ஈரம் அதிகம், வெளியே குறைவு என்றால்தான் ஆவி வெளியேறும். நம் கடற்கரைக் காற்றே ஈரத்துணி.

கிளம்பும்போது லேசாகக் குளிரட்டும், கால் மணி நேரத்தில் சரியாகிவிடும். கூட வருகிறவருக்குப் பேச்சு குழறினாலோ, நடை தடுமாறினாலோ, ஜிப்பைப் பிடிக்க விரல் வராவிட்டாலோ உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கிக்கொண்டிருக்கலாம். காற்றுப் படாத இடத்துக்குக் கொண்டுபோய் ஈரத்துணியைக் கழற்றிவிட்டு உலர்ந்ததைப் போடுங்கள். நடுக்கம் தானாக நின்றுபோனால் தேறிவிட்டார் என்று நினைக்காதீர்கள், ஆபத்து முற்றுகிறது.

தம்பி வேறு ஜாக்கெட் வாங்கிப் போய்வந்தார். பழையதைக் கடையில் திருப்பி எடுக்கவில்லையாம். வாடைக்காலத்தில் படகுக்கு ராக்காவல் இருக்கும்போது அப்பா போட்டுக்கொள்கிறார், மங்கி குல்லாவோடு.