காலையில் கிடைத்த பெயர் மதியம் ஏன் கிடைக்கவில்லை?

மன்னார்குடியில் நெல் வியாபாரம் செய்யும் வாசகர் ஒருவரின் கேள்வி இது. மும்பை டேட்டா சென்டரில் இரண்டு கிளவுட் மெய்நிகர் கணினிகள் வைத்திருக்கிறார். ஒன்றில் பில்லிங் மென்பொருள், மற்றதில் டேட்டாபேஸ். மென்பொருள் டேட்டாபேஸை 'டிபி.கிடங்கு.இன்டர்னல்' என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடும். காலையில் சரியாக ஓடும். மதியம் 'அப்படியொரு பெயரே இல்லை' என்று வரும். ஆபீஸ் ரவுட்டரில் டிஎன்எஸ் மாற்றியும் பலனில்லையாம்.

பலன் இருக்காது. பெயரைத் தேடுவது மும்பையில் உள்ள மெஷின். மன்னார்குடி ரவுட்டருக்கு அதில் வேலையே இல்லை.

பெயரைக் கொடுத்தால் ஐபி எண் தருவது டிஎன்எஸ். மெய்நிகர் கணினி பூட் ஆகும்போதே யாரிடம் கேட்பது என்ற நேம்சர்வர் முகவரியையும் டிஎச்சிபி (நெட்வொர்க் அமைப்புகளைத் தானாக வழங்கும் முறை) வழியாக வாங்கிக்கொள்ளும். அமேசான் கிளவுடில் நெட்வொர்க் 10.0.0.0 என்று தொடங்கினால் அது 10.0.0.2, மைக்ரோசாஃப்டின் அஸூர் கிளவுடில் எந்த ஊரிலும் 168.63.129.16. உள்பெயர்கள் இந்த உள் நேம்சர்வருக்கு மட்டுமே தெரியும். வாசகர் பட்டியலில் அதற்குக் கீழே, துணைக்கு இருக்கட்டும் என்று, கூகுளின் பொது நேம்சர்வரான 8.8.8.8 சேர்த்திருக்கிறார். டெல்டாவில் எந்தக் கணினிக் கடையிலும் இதைத்தான் சொல்வார்கள். ராகு காலம் பார்த்துக் கணினியை ஆன் செய்வதுகூட இதைவிடத் தேவலை. அதனால் எதுவும் கெடாது.

லினக்ஸின் பழைய முறையில் பட்டியலின் முதல் சர்வரை எப்போதும் முதலில் கேட்கும். 5 விநாடி பதில் இல்லை என்றால்தான் அடுத்ததற்குப் போகும். முதல் சர்வர் 'இல்லை' என்று சொல்லிவிட்டால் அதுவே முடிவு, இரண்டாவதைக் கேட்காது. உபுண்டுவில் இன்று இருப்பது சிஸ்டம்டி-ரிசால்வ்டு. இது 127.0.0.53இல் உட்கார்ந்துகொண்டு, பட்டியலில் உள்ள எல்லா சர்வருக்கும் ஒரே விஷயம் தெரியும் என்று நம்புகிறது. நடப்பு சர்வர் பதில் தராவிட்டால் அடுத்ததற்குத் தாவும். தாவியபின் அங்கேயே தங்கிவிடும். முதல் சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று திரும்பிப் பார்க்காது. அமேசானில் ஒரு நெட்வொர்க் இன்டர்ஃபேஸிலிருந்து விநாடிக்கு 1024 பாக்கெட்டுக்கு மேல் போனால் உள் நேம்சர்வர் உதறிவிடும். தாவலுக்கு அது போதும். பிறகு 8.8.8.8இடம் கிடங்கைக் கேட்டால் 'இல்லை' என்று உண்மையைத்தான் சொல்கிறது. யாரும் பொய் சொல்லாமலே கணக்கு நின்றுபோகிறது!

'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' கட்டளையில் நடப்பு டிஎன்எஸ் சர்வர் எது என்று தெரியும். அங்கே 8.8.8.8 இருந்தால் உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்புகளை வைத்திருக்கும் நெட்பிளான் கோப்பிலிருந்து அதை எடுத்துவிடுங்கள். உள் முகவரி ஒன்றே போதும். அதன் பின்னால் இருப்பது ஒற்றை மெஷின் அல்ல. சொந்த நேம்சர்வர் வேண்டுமென்றால் ஒரே பட்டியல் தெரிந்த இரண்டை வையுங்கள். கூடவே நெட்பிளானில் 'யூஸ்-டிஎன்எஸ்: ஃபால்ஸ்' எழுதாவிட்டால் டிஎச்சிபி தருவதும் சேர்ந்துகொள்ளும். நேம்சர்வர் பட்டியல் உள்ள ரிசால்வ்.கான்ஃப் கோப்பை நேரடியாகத் திருத்தாதீர்கள், அது மறுபடி எழுதப்பட்டுவிடும். மெஷினை முதலில் அமைத்துக்கொடுக்கும் கிளவுட்-இனிட் உருவாக்கிய, 50 எனத் தொடங்கும் நெட்பிளான் கோப்பும் அப்படித்தான். புதிய சர்வர்களை 99 எனத் தொடங்கும் தனிக் கோப்பில் எழுதுங்கள், டேப் அடிக்காமல் ஸ்பேஸ் விட்டு. 'நெட்பிளான் ட்ரை' கொடுத்தால், 120 விநாடிக்குள் என்டர் தட்டாதபோது பழைய நிலைக்குத் திரும்பும்.

மாற்றிய பிறகும் 'இல்லை' வந்தால் பயப்பட வேண்டாம். இல்லை என்ற பதிலும் கேஷில், அதாவது தற்காலிகச் சேமிப்பில், தங்கும். 'ரிசால்வ்சிடிஎல் ஃப்ளஷ்-கேஷஸ்' அதைத் துடைக்கும். பில்லிங் மென்பொருள் தனக்கென்று கேஷ் வைத்திருந்தால் அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.