ரிசர்வ் என்றால் கையிருப்பு இல்லை

"சவுதி அரேபியாவின் எண்ணெய்க் கையிருப்பு 26,000 கோடி பீப்பாய். வருங்கால உலகத் தேவைக்கு இது போதுமா?" இந்த மாதிரி வாக்கியத்தை எத்தனையாவது முறையாகப் படிக்கிறேனோ தெரியவில்லை. படிப்பவர் மனதில் என்ன தோன்றும்? பெரிய பெரிய தொட்டிகளில் எண்ணெயை நிரப்பி மூடி வைத்திருக்கிறார்கள், திறந்துவிட வேண்டியதுதான் பாக்கி என்றுதானே? அந்த எண்ணெய் இன்னும் பாறையின் நுண்துளைகளுக்குள் கிடக்கிறது ஐயா. அதை வெளியே எடுக்கவே இல்லை. ஆங்கிலத்தில் ரிசர்வ் (reserve) என்பதைக் கையிருப்பு என்று பெயர்த்ததால் வந்த வினை இது.

ரிசர்வ் என்ற சொல் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பின்னால் பயன்படும் என்று எடுத்து வைப்பது என்பதே அதன் ஆதி அர்த்தம், அவ்வளவுதான். எண்ணெய்த் துறையில் அதற்கு வேறு கணக்கு. பூமிக்கடியில் கிடப்பது மொத்தமும் வளம். அதில் இருப்பது தெரிந்தாகிவிட்டது, இன்றைய நுட்பத்தால் எடுக்க முடியும், இன்றைய விலைக்கு எடுத்து விற்றால் நட்டம் வராது, இந்த மூன்றும் கூடிவரும் பகுதி மட்டும்தான் ரிசர்வ். பொதுவாக ஓர் எண்ணெய் வயலில் கிடப்பதில் மூன்றில் ஒரு பங்கு மேலே வந்தாலே பெரிது.

கையிருப்பு என்பது கையில் இருப்பது. அமெரிக்கா 1975-இல் சட்டம் போட்டு, டெக்சாஸ், லூசியானா கரையோர உப்புக் குகைகளில் கச்சா எண்ணெயைக் கொட்டி வைக்க ஏற்பாடு செய்ததே, 70 கோடி பீப்பாய்க்கு மேல் கொள்ளும், அது கையிருப்பு. 2022-இல் விலை ஏறியபோது அதிலிருந்து 18 கோடி பீப்பாயை வெளியே விடப்போவதாக அறிவித்தார்கள். அந்நியச் செலாவணிக் கையிருப்பு என்பதும் சரியான பேச்சு. ஆங்கிலக்காரர் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு திண்டாடுகிறார் என்பதற்காக நாமும் திண்டாட வேண்டுமா?

திண்டாட்டம் சொல்லோடு நின்றால் பரவாயில்லை. உலக ரிசர்வ் சுமார் 1.7 லட்சம் கோடி பீப்பாய், ஒரு நாள் செலவு சுமார் 10 கோடி பீப்பாய், வகுத்துப் பார்த்தால் 46 ஆண்டு சொச்சம் வரும், உடனே "இன்னும் 46 ஆண்டுக்குத்தான் எண்ணெய்" என்று தலைப்புப் போட்டுவிடுகிறார்கள். 1980-இல் இதே கணக்குப் போட்டபோது வந்த விடை சுமார் 30 ஆண்டு. அதன்படி 2010 வாக்கில் உலகமே வறண்டிருக்க வேண்டும். கையிருப்பு எடுக்க எடுக்கக் குறையும், ரிசர்வோ விலை ஏறினால் வளரும், இறங்கினால் சுருங்கும். 2002 கடைசியில் எண்ணெய் மணலையும் (தார் போன்ற எண்ணெய் ஊறிய மணல்) கணக்கில் சேர்த்ததும் கனடாவின் எண் சுமார் 500 கோடியிலிருந்து 18,000 கோடிக்குத் தாவியது. வெனிசுவேலா 30,000 கோடி பீப்பாயோடு முதலிடத்தில் நிற்கிறது, பெரும்பகுதி ஒரினோகோ பகுதியின் தார் போன்ற குழம்பு. அண்மைய ஆண்டுகளில் அது நாளொன்றுக்கு எடுப்பது 10 லட்சம் பீப்பாயை ஒட்டித்தான். கையிருப்பு என்று நம்பி வகுத்தால் அந்த நாட்டுக்கு 800 ஆண்டு கவலை இல்லை!

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் ரிசர்வை 'சேமவைப்பு' என்கிறார்கள். முதல் குறை, சேமம் என்பதே வடமொழி க்ஷேமத்தின் தமிழ் உருவம், இதற்கு ரிசர்வே தேவலாம். (எண்ணெயை அளக்கும் பீப்பாய் போர்த்துகீசியம், அதை யாரும் கேட்பதில்லை.) பெரிய குறை 'வைப்பு'. யார் வைத்தது? வங்கியில் வைப்புநிதி போடுபவருக்குத் தான் போட்ட தொகை தெரியும். இங்கே யாரும் எதையும் போடவில்லை, கிடப்பதைத் தோராயமாக மதிப்பிடுகிறோம். நான் ஒரு காலத்தில் 'எடுவளம்' என்று எழுதிப் பார்த்தேன், சுருக்கமாக இருக்கிறதே என்று. நண்பர் ஒருவர் மடக்கினார்: "வினைத்தொகை மூன்று காலத்தையும் காட்டுமே, எடுத்து எரித்து முடித்ததும் இதில் சேருமா?" பதில் இல்லை, விட்டுவிட்டேன்.

இப்போது நான் எழுதுவது 'கட்டுப்படி வளம்'. எடுத்தால் கட்டுப்படியாகும் வளம். பேச்சு வழக்கு, கொச்சை என்று முகம் சுளிப்பார்கள். இருக்கட்டும். விலை இறங்கினால் கட்டுப்படியாகாது என்பது எவருக்கும் விளங்கும், சொல்லுக்குள்ளேயே விளக்கம் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'புரூவ்ட் ரிசர்வ்' என்று ஒரு ரகம் உண்டு, அதற்கு 'நிரூபிக்கப்பட்ட' என்ற நீதிமன்ற வாடையும் வேண்டாம். எடுக்க முடியும் என்பதற்கு நூற்றுக்குத் தொண்ணூறு வாய்ப்பு இருந்தால் அந்த ரகம், ஆகவே 'உறுதியான கட்டுப்படி வளம்'.

அப்புறம் ரிசர்வுக்குச் சிலர் போடும் இந்த 'ஒதுக்கீடு'. 1980களில் ஒபெக் (எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பு) நாடுகளுக்கு உற்பத்திப் பங்கு, அதாவது கோட்டா, பிரித்தபோது, ரிசர்வ் அதிகமாக இருந்தால் பங்கும் அதிகமாகக் கேட்கலாம் என்ற நிலை. முதலில் குவைத், அப்புறம் ஈரான், ஈராக், சவுதி என்று வரிசையாகத் தங்கள் எண்ணை உயர்த்திக்கொண்டார்கள், அதற்கு ஈடாகப் பெரிய வயல் எதுவும் புதிதாக அகப்படாமலே. இதை ஒரு மொழிபெயர்ப்பில் படித்தேன். ரிசர்வும் ஒதுக்கீடு, கோட்டாவும் ஒதுக்கீடு. ஆக அந்த நாடுகள் "ஒதுக்கீட்டை உயர்த்துவதற்காக ஒதுக்கீட்டை உயர்த்தின".