செப்டிக் டேங்குக்குள் ஆளை இறக்காதீர்கள்

மறுபடியும் செப்டிக் டேங்க் மரணம். மறுபடியும் "விஷவாயு தாக்கி" என்று ஒரு வரிச் செய்தி. பாதுகாப்புக் கருவியின்றி ஆளை இறக்குவதை 2013லேயே சட்டம் தடை செய்துவிட்டது. முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். கசடு உறிஞ்சும் வண்டிக்காரருக்கு மட்டுமல்ல, இறக்கச் சொன்ன வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். 2014ல் 10 லட்சமாக இருந்த இழப்பீட்டை 2023ல் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக்கியது. ஆனாலும் இறக்குகிறார்கள்; இறங்குகிறவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் அதில் ஆதாயம் இருக்கிறது.

பத்து வருஷத்துக்குத் திறக்கவே வேண்டாம் என்று பெரிய தொட்டியாகக் கட்டி, மூடிமேல் டைல்ஸும் ஒட்டிவிடுகிறார் வீட்டுக்காரர். அடிக்கசடு இறுகி, லாரிக் குழாய்க்கு மசியாமல் போகிறது. "முழுக் காசு கொடுக்கிறேன், அடி வரைக்கும் சுத்தமாகணும்" என்கிறார். வண்டிக்காரருக்கு லோடுக்குத்தான் காசு, காத்திருந்தால் நஷ்டம். ஆளை இறக்கினால் வேலை சீக்கிரம் முடியும். எந்தச் சாதிக்காரர் இறங்குவார் என்று யாரும் கேட்பதில்லை, எல்லோருக்கும் தெரியும். "அவங்களுக்குப் பழக்கம்தான்" என்பார்கள். தொட்டிக்குள் உருவாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷவாயுவுக்கு யாருடைய நுரையீரலும் பழகாது.

அடுத்தது, உள்ளே விஷவாயு இருக்கிறதா என்று மெழுகுவர்த்தியை ஏற்றி இறக்கிப் பார்ப்பது. தயவுசெய்து விட்டுவிடுங்கள். பிராணவாயு மிகவும் குறைந்தால்தான் சுடர் அணையும். ஆளைக் கொல்லும் அளவு ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தாலும் அது எரிந்துகொண்டே இருக்கும். மீத்தேன் இருந்தால் வெடிக்கும். "நாத்தம் போயிடுச்சு" என்பதும் ஆபத்தான பேச்சு. காற்றில் ஹைட்ரஜன் சல்ஃபைடு பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை எட்டும்போதே மூக்கு மரத்துப்போகும். 700ஐத் தாண்டினால் ஓரிரு மூச்சில் ஆள் விழலாம். மூடியை ஒரு மணி நேரம் திறந்து வைத்தாலும் போதாது. இந்த வாயு காற்றைவிடக் கனம், அடியிலேயே தங்கும். கசட்டுக்குள் சிக்கியிருப்பதோ கால் வைத்துக் கிளறும்போதுதான் கிளம்பும். முகத்தில் கட்டும் துண்டும் துணி மாஸ்க்கும் எந்த வாயுவையும் தடுக்காது.

கசடு இறுகும்முன், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை உறிஞ்சி எடுங்கள். எல்லா அறைக்கும் திறக்கக்கூடிய மூடி வையுங்கள். இறுகியிருந்தால் மேலிருந்தே தண்ணீரைப் பீய்ச்சிக் கரைக்கச் சொல்லுங்கள். அடியில் கொஞ்சம் கசடு மிஞ்சினால் நல்லதுதான், நுண்ணுயிர்கள் அதிலிருந்துதான் மறுபடி பெருகும். அடிவரை வழிக்கச் சொல்லி ஒருவரை இறக்குவதற்குத் தொழில்நுட்பக் காரணமே கிடையாது. வண்டிக்கு 14420ஐ அழையுங்கள்.

யாராவது உள்ளே விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். ஒரே தொட்டியில் இரண்டு மூன்று பேர் சாவது இப்படித்தான். 101 அல்லது 112ஐக் கூப்பிடுங்கள். மூச்சுக்கருவி தீயணைப்புத் துறையிடம் இருக்கிறது.

அடுக்குமாடிச் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். வேலை ஒப்பந்தத்தில் "ஆள் இறங்கக் கூடாது" என்று எழுதி, வண்டி இன்னொரு நடை வரவேண்டியிருந்தால் அதற்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.