அடிவயிற்று வலிக்கு ஏன் 14 நாள் மாத்திரை?

அடிவயிற்றில் விடாத வலி, வழக்கத்துக்கு மாறான வெள்ளைப்படுதல், உறவின்போது வலி என்று ஓர் இளம்பெண் போனால், உள்பரிசோதனையில் கருப்பை வாயை லேசாக அசைக்கும்போதே வலிக்கிறதா என்று டாக்டர் பார்ப்பார். வலித்தால், இடுப்பு அழற்சி நோய், அதாவது கருப்பை, கருக்குழாய் பகுதியில் கிருமித்தொற்று என்று சந்தேகித்து, கர்ப்பமோ குடல்வால் பிரச்சினையோ இல்லையென்று பார்த்துவிட்டு, கிருமிப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஆன்டிபயாடிக் தொடங்கிவிடுவார். இந்நோயை உறுதியாகக் காட்டும் ஒற்றை ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேன்கூடப் பல நேரம் நார்மல் என்றே வரும்.

ஏன் இவ்வளவு வேகம்? கருக்குழாயின் உள்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் அலையலையாக அசைந்து முட்டையைக் கருப்பைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். உடலுறவின் மூலம் பரவும் கிளமிடியா, கொனோரியா போன்ற கிருமிகள் கருப்பை வாயிலிருந்து மேலேறி அங்கே போய்விட்டால் அந்த மயிர்கள் அழிந்து, குழாய் தழும்பேறி ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் கரு குழாயிலேயே தங்கிவிடலாம், அது உயிருக்கே ஆபத்து. மருந்து கிருமியைத்தான் கொல்லும், விழுந்த தழும்பை அழிக்காது. ஸ்வீடனில் லார்ஸ் வெஸ்ட்ரோம் குழுவினர் 1992-இல் வெளியிட்ட ஆய்வில், இந்நோய் ஒருமுறை வந்தவர்களில் சுமார் 8 சதவீதம் பேருக்குக் குழாய் பாதிப்பால் குழந்தையின்மை ஏற்பட்டிருந்தது. மூன்று முறையோ அதற்கு மேலோ வந்தவர்களுக்கு அது கிட்டத்தட்ட 40 சதவீதம்.

கிருமிகள் பல வகை என்பதால் மருந்தும் மூன்று. கொனோரியாவுக்கு செஃப்ட்ரியாக்சோன் ஊசி அல்லது செஃபிக்சிம் மாத்திரை. கிளமிடியா நம் செல்லுக்குள்ளேயே ஒளிந்து பெருகுவது, அதனால் செல்லுக்குள் நுழைந்து அந்தக் கிருமியின் புரத உற்பத்தியை நிறுத்தும் டாக்சிசைக்ளின். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வளரும் கிருமிகளுக்கு மெட்ரோனிடசோல். இந்தியாவில் அரசு பால்வினை நோய் மையங்களில் செஃபிக்சிம், டாக்சிசைக்ளின், மெட்ரோனிடசோல் மூன்றையும் சேர்த்து மஞ்சள் நிற கிட்டாகவே கொடுக்கிறார்கள். கர்ப்பமாக இருந்தால் கட்டாயம் முன்பே சொல்லுங்கள், டாக்சிசைக்ளின் கூடாது.

நான்கைந்து நாளில் வலி போனதும் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் எனக்குப் பெரிய கவலை. மெட்ரோனிடசோல் வாயெல்லாம் உலோகச் சுவையாக்கும், குமட்டும், சாப்பிட்ட பிறகு போட்டால் கொஞ்சம் தேவலை. டாக்சிசைக்ளினை ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்குங்கள், உடனே படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். 14 நாளும் முடியுங்கள். மூன்று நாளில் வலி குறையாவிட்டாலோ, கடும் காய்ச்சல், வாந்தி இருந்தாலோ மருத்துவமனையில் சேர வேண்டியிருக்கும்.

இந்நோய் வந்த பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் கிளமிடியாவும் இருப்பதில்லை, கொனோரியாவும் இருப்பதில்லை. ஆகவே யாருடைய ஒழுக்கத்தையும் இதை வைத்து எடைபோடுவது அநியாயம். ஆனால் கடந்த 60 நாளில் உறவுகொண்ட ஆணுக்கும் சிகிச்சை வேண்டும், அவருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாவிட்டாலும் சரி. அவரை விட்டுவிட்டால் கிருமி திரும்ப வரும். இருவரும் சிகிச்சையை முடிக்கும்வரை உறவு வேண்டாம், கிளமிடியாவோ கொனோரியாவோ உறுதியாகியிருந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதித்துக்கொள்ளுங்கள்.