கிளச் மிதிக்காமலே ஸ்ராட் ஆகிறதா? ஒட்டோவிலிருந்து மனுவலுக்கு மாற்றிய பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு

போன தை மாதம், நான் வேலை செய்யும் ஸ்காபரோ கராஜுக்கு ஒரு பழைய ஜிஎம் பிக்கப்பை இழுத்துக்கொண்டு வந்தார்கள். முன் பம்பர் உள்ளே போயிருந்தது. அதன் சொந்தக்காரத் தம்பி குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே, வாகனம் சூடாகட்டும் என்று றிமோட் ஸ்ராட்டரை அமத்தியிருக்கிறார். வாகனம் முதலாம் கியரில் நின்றது. ஸ்ராட்டர் சுற்றச் சுற்ற அது முன்னால் நகர்ந்து, இயந்திரமும் பிடித்துக்கொள்ள, வீட்டுக் கராஜ் கதவை இடித்து உடைத்துவிட்டுத்தான் நின்றது. அவருடைய அப்பா பத்து நிமிடத்துக்கு முன்னர்தான் அந்த இடத்தில் ஸ்நோ தள்ளிவிட்டு உள்ளே போயிருந்தார்.

"அண்ணை, வாகனம் தானாப் போய் இடிச்சிட்டுது" என்றார் தம்பி. பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே அது தானாகத்தான் போனது.

1990களின் பிற்பகுதி மொடல் அது. முதலில் கியரைத் தானே மாற்றும் 4எல்60ஈ என்ற ஒட்டோ கியர்பொக்ஸ் இருந்திருக்கிறது. தம்பிக்கு விற்றவரோ அவருக்கு முன்னர் வைத்திருந்தவரோ அதைக் கழற்றிவிட்டு என்வி3500 ஐந்து கியர் மனுவலைப் போட்டிருக்கிறார். இரும்பு வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கிளச், பெடல், பின்னால் போகும் தண்டு எல்லாம் ஒழுங்காகப் பொருத்தப்பட்டிருந்தன. ஆனால் வாகனத்துக்குக் கீழே படுத்துப் பார்த்தால், பழைய நியூட்ரல் சுவிச்சுக்குப் போன பிளக்கை வெட்டி, அதில் இரண்டு வயரை ஒன்றோடொன்று முறுக்கி, கறுப்பு ரேப் சுற்றி விட்டிருந்தார்கள். அந்த முறுக்கில்தான் முழுப் பிழையும் இருந்தது.

ஒட்டோ வாகனத்தில் திறப்பைத் திருப்பினால் மின்சாரம் நேரே ஸ்ராட்டருக்குப் போவதில்லை. கியர்பொக்ஸின் பக்கத்தில் உள்ள ஒரு சுவிச் வழியாகப் போகும். பார்க்கிலும் நியூட்ரலிலும் மட்டும் அந்த சுவிச் வழி விடும். கியரில் இருக்கும்போது ஒட்டோ வாகனத்தின் ஸ்ராட்டர் சுற்றவே கூடாது என்பது அமெரிக்க பாதுகாப்பு விதிகளில் நெடுங்காலமாக இருப்பது. கியர்பொக்ஸைக் கழற்றும்போது இந்த சுவிச்சும் போய்விடுகிறது, வழி அறுந்துவிடுகிறது, திறப்பைத் திருப்பினால் ஒரு சத்தமும் இல்லை. அப்போது யாரோ சொல்கிறார்கள், அந்த இரண்டு வயரையும் சேர்த்துவிடு, ஸ்ராட் ஆகும் என்று. ஆகத்தான் செய்யும். சோதித்துப் பார்க்க ஒரு நிமிடம் அப்படிச் செய்வதில் தப்பில்லை, நானும் செய்வேன். ஆனால் அந்த ஒரு நிமிடத்து வேலையை அப்படியே ரேப் சுற்றி விட்டுவிட்டால், எந்தக் கியரிலும், கிளச் மிதிக்காமலும், யாரும் உள்ளே இல்லாமலும் ஸ்ராட் ஆகும் ஒரு வாகனம் தெருவில் நிற்கும்.

எங்கள் ஆட்களுக்கு இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஊரில் மனுவல் ஓடிப் பழகியவர்கள் வாகனத்தை நிறுத்தும்போது கியரில் போட்டுவிட்டுத்தான் இறங்குவோம். நல்ல பழக்கம்தான். இங்கே ரோட்டில் கொட்டும் உப்பில் ஹாண்ட் பிறேக் கேபிள் துருப்பிடித்து இறுகிவிடுவதால், பழைய பிக்கப்களில் அதை நம்பவும் முடியாது, ஆகவே கியரில் விடுவதைத் தவிர வேறு வழியில்லை. அப்படி நிற்கும் வாகனத்தில் ஒட்டோவுக்கென்று பூட்டிய றிமோட் ஸ்ராட்டர் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அந்தக் கராஜ் கதவே சாட்சி. ஒட்டோவுக்கான றிமோட் ஸ்ராட்டர் பெரும்பாலும் வாகனத்தின் சொந்த நியூட்ரல் சுவிச்சை நம்பித்தான் இருக்கிறது. அந்த சுவிச்சை நாங்கள் ஏமாற்றிவிட்டால் அதற்கு ஒன்றும் தெரியாது. மனுவலுக்கென்றே வரும் றிமோட் ஸ்ராட்டர் வேறு மாதிரி. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நியூட்ரலில் போட்டு, ஹாண்ட் பிறேக் இழுத்து, திறப்பை எடுத்து, இறங்கிக் கதவைச் சாத்தினால்தான் அது அடுத்த முறைக்குத் தயாராகும். இடையில் யாராவது கதவைத் திறந்தால் அது ரத்து. இந்த முறையும் ஹாண்ட் பிறேக் பிடித்தால்தான் சரி.

அப்போ சரியான வழி என்ன? அந்த இரண்டு வயரையும் கிளச் பெடலில் இருக்கும் சுவிச்சுக்குக் கொண்டுபோக வேண்டும். கிளச்சை முழுக்க மிதித்தால் மட்டும் வழி திறக்கும். இதே பிக்கப்பை மனுவலாகச் செய்து விற்றபோது கம்பனியும் இப்படித்தான் செய்தது. பழைய வாகனங்களை உடைத்து விற்கும் யாட்டில் பெடல் கழற்றப் போகிறவர்கள் சுவிச்சையும், அதன் பிளக்கையும், ஒரு முழ வயரையும் சேர்த்து வெட்டிக்கொண்டு வாருங்கள், பிறகு தேடினால் கிடைக்காது. இன்னொன்று, றிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிச்) இல்லாத பழைய மொடல்களில், ஸ்ராட்டரை இயக்கும் காந்தச் சுருளான சொலினொயிட்டுக்கான மின்சாரம் முழுவதும் இந்த வழியாகத்தான் போகும். கொஞ்ச நேரத்துக்குத்தான் என்றாலும் அது பெரிய ஓட்டம். கையில் கிடைத்த மெல்லிய வயரை இழுத்தால் சூடாகும், சுவிச்சின் முனைகள் கருகும், ஒரு குளிர் காலையில் ஸ்ராட் ஆகாது. அதே தடிப்புள்ள வயரைப் போடுங்கள், இல்லையென்றால் ஒரு றிலே வைத்து சுவிச் அந்த றிலேயை மட்டும் இயக்கும்படி செய்யுங்கள். டொட்ஜ் பிக்கப் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம், பல கிறைஸ்லர் ஒட்டோக்களில் அந்த சுவிச் ஸ்ராட்டர் றிலேயின் ஏர்த் பக்கத்தை இணைப்பது, மின்சாரம் வரும் பக்கத்தை அல்ல. ஒன்றை மற்றதென்று நினைத்து வயர் போட்டால் பியூஸ் எரியும்.

நிறத்தை மட்டும் நம்புகிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. ஜிஎம் பிக்கப்களில் ஸ்ராட்டருக்குப் போகும் வயர் ஊதா, றிவேர்ஸ் லைற்றுக்குப் போவது இளம்பச்சை. பல மொடல்களில் வேகத்தை அளக்கும் சென்சரின் இரண்டு வயர்களும் ஊதாவில் வெள்ளைக் கோடு, இளம்பச்சையில் கறுப்புக் கோடு. பத்து வருட எண்ணெயும் உப்பும் படிந்தபின், இருட்டில், கோடு தெரியாது. சென்சர் வயர் கம்பியூட்டருக்குப் போவது, அதில் பற்றரியின் 12 வோல்ட்டைக் கொடுத்தால் கம்பியூட்டர் போகலாம். துடைத்துவிட்டு, மல்ரிமீற்றர் வைத்துப் பார்த்து, பிறகு வெட்டுங்கள். அந்தச் சென்சரின் இரண்டு வயரும் ஒன்றையொன்று சுற்றித்தான் வரும். நீட்ட வேண்டியிருந்தால் நீட்டும் பகுதியையும் அதே மாதிரி முறுக்குங்கள், இல்லாவிட்டால் வேறு வயர்களின் இரைச்சல் புகுந்து வேகமானி ஆடும்.

இனி, கழற்றிய ஒட்டோவின் பெரிய பிளக். கியர் மாற்றும் சொலினொயிட்களுக்கான வயர்கள் எல்லாம் அதில்தான். தேவையில்லை என்று அப்படியே தொங்க விடுகிறார்கள். அதில் ஒரு இளஞ்சிவப்பு வயரில் திறப்பைத் திருப்பியதும் 12 வோல்ட் வரும். அது ஒரு நாள் எக்ஸோஸ்ற் குழாயில் தொட்டு, தோல் உருகி, பியூஸ் எரிந்தால், அதே பியூஸில் வேறு எது இருக்கிறதோ அதுவும் சேர்ந்து நிற்கும். மற்றொரு வாகனத்தில் 401 நெடுஞ்சாலையில் இயந்திரம் சட்டென்று நின்றதற்கு இதுதான் காரணமாக இருந்தது, காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை நாள் எடுத்தது. பியூஸைக் கழற்றிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், யாரோ பிறகு போட்டுவிடுவார்கள். அந்த வயரை மேலே வைத்தே வெட்டி, பசை உள்ள ஹீற் ஷ்ரிங்க் குழாயால் மூடுங்கள். கீழே போகும் எந்த இணைப்புக்கும் இதே குழாய்தான். முறுக்கி ரேப் சுற்றியது இங்கே இரண்டு பனிக்காலம் தாங்காது, உள்ளே பச்சை பூத்துவிடும்.

சொலினொயிட்கள் இல்லை என்பதைக் கம்பியூட்டர் கண்டுபிடித்துவிடும். பி0753, பி0758 என்று குறியீடுகள் வந்து செக் எஞ்சின் லைற் எரியும். கம்பியூட்டருக்கு மனுவலுக்கான புரோகிராம் ஏற்றுவதுதான் வழி. ஒன்ராறியோவில் கார்களுக்கும் சின்ன பிக்கப்களுக்குமான புகைப் பரிசோதனை 2019 ஏப்ரலோடு நின்றுவிட்டதால் லைற் எரிந்தபடியே பலர் ஓடுகிறார்கள். எப்போதும் எரியும் லைற் புதிதாக ஒரு கோளாறு வந்தால் எப்படிச் சொல்லும்?

வேகத்தைத் தானே ஒரே அளவில் பிடித்து வைக்கும் குறூஸ் இருந்தால் அதையும் பாருங்கள். மனுவல் வாகனத்தில் கிளச் மிதித்ததும் குறூஸ் விட வேண்டும். ஒட்டோவின் வயரிங்கில் பிறேக்குக்கு மட்டும்தான் அது விடும். நெடுஞ்சாலையில் கிளச்சை மிதித்தீர்களென்றால், வேகம் குறைவதைப் பார்த்துக் குறூஸ் இன்னும் அக்சிலறேற்றரைத் திறக்க, இயந்திரம் அலறும். கிளச் சுவிச்சில் இதற்கென்று ஒரு தனி ஜோடி முனை பெரும்பாலும் இருக்கிறது, பிறேக் சுவிச்சோடு தொடராகச் சேர்த்தால் முடிந்தது. றிவேர்ஸ் லைற் இன்னும் சுலபம், மனுவல் கியர்பொக்ஸிலேயே அதற்கு ஒரு சுவிச் உண்டு, இரண்டே வயர். இதைக்கூடச் செய்யாமல் விட்ட வாகனங்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

மாற்றிய பிக்கப் ஒன்றை வாங்கப் போகிறீர்களா? சமதரையில், முன்னாலும் பின்னாலும் யாரும் இல்லாத இடத்தில், பிறேக்கை நன்றாக மிதித்து, கியரை நியூட்ரலில் போட்டு, கிளச்சைத் தொடாமல் திறப்பைத் திருப்புங்கள். ஸ்ராட்டர் சுற்றினால் கீழே எங்கேயோ ஒரு முறுக்கு இருக்கிறது. பிறகு றிமோட் பெட்டி ஒன்று ஸ்ரியறிங்குக்குக் கீழே ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள், விற்பவருக்கே அது தெரியாமல் இருக்கலாம்.

தம்பியின் பிக்கப்பில் கிளச் சுவிச் போட்டு, தொங்கிய வயர்களை மூடி, றிவேர்ஸ் லைற்றையும் இணைத்து முடிக்க ஒரு பகல் எடுத்தது. கிளச் சுவிச் வந்ததும் அந்தப் பழைய றிமோட் ஸ்ராட்டரால் ஸ்ராட்டரைச் சுற்ற முடியவில்லை. இனி அது எதற்கு என்று கேட்டு, அவர் முன்னாலேயே அதைக் கழற்றினேன். பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோகவா என்று கேட்டார், கொடுக்கவில்லை.